கிராமத்துக்கு முழுக் கணக்கு எழுதிய ஜே.சி. குமரப்பா

இன்று எந்த ஊர் கடைத்தெருவுக்குப் போனாலும் மரச்செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனங்கருப்பட்டி, தேன் என்று எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் மதிப்புக்கூட்டும் தொழிலில் இறங்கும்போது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஏறக்குறைய இதே பட்டியலை வைத்துக்கொண்டு 1935-ம் ஆண்டு வாக்கிலேயே வேலை தொடங்கியவர், தஞ்சாவூரில் பிறந்த ஒரு தணிக்கையாளர். அவர்தான் ஜே.சி. குமரப்பா. காந்தியப் பொருளாதார அறிஞர் என்று பாடப் புத்தகங்களில் அவர் பெயரைப் படித்திருப்போம். அவர் என்ன வேலை செய்தார் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

வாழ்நாள் முழுவதும் அவர் செய்தது கணக்கு எழுதும் வேலை. முதலில் கம்பெனிகளுக்கு எழுதினார். பிறகு நாட்டுக்கும் கிராமத்துக்கும் எழுதினார். கடைசியில் மண்ணுக்கும் சேர்த்து எழுதினார். ஒரு தொழில் நேர்மையானதா என்பது அதன் லாபத்தைப் பார்த்தால் மட்டும் தெரியாது. கணக்கில் எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. ஊரில் புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் விவசாயிகளுக்கு இது உதவும் என்பதால் அவருடைய கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தஞ்சாவூரிலிருந்து லண்டன் வரை

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவருடைய பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். வசதியான, படித்த குடும்பம். சென்னையில் படிப்பை முடித்துவிட்டு லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். அங்கேயே சில காலம் வேலையும் பார்த்தார். 1919-ல் இந்தியா திரும்பி, பம்பாயில் முதலில் ஓர் ஆங்கிலேய நிறுவனத்திலும் பிறகு சொந்தமாகவும் தணிக்கைத் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டும் அணிந்து, ஆங்கிலேயர்போலவே வாழ்ந்தார்.

ஒரு தணிக்கையாளரின் வேலை என்ன? காட்டப்படும் வரவும் செலவும் உண்மைதானா என்று பார்ப்பது. அதைவிட முக்கியமாக, காட்டப்படாமல் விட்டது எது என்று தேடுவது. இந்தப் பழக்கம் பம்பாயில் அவருக்கு நல்ல வருமானம் தந்தது. பிற்காலத்தில் அதே பழக்கம்தான் அவரைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது.

வறுமைக்குக் காரணம் தேடியபோது

1927-ல் அமெரிக்கா போன குமரப்பா, அங்கே சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். அடுத்து நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசின் வரவு செலவு பற்றிய பாடத்தை எடுத்தார். அங்கு அவருக்குப் பேராசிரியராக இருந்தவர் வரி இயலில் பெயர் பெற்ற செலிக்மன்.

ஒருமுறை ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்ற தலைப்பில் குமரப்பா பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்த பேராசிரியர், அதையே ஆராய்ச்சித் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். குமரப்பா ஆங்கிலேய அரசின் வரவு செலவுக் கணக்கை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு பார்த்தார். வரி யாரிடமிருந்து வருகிறது, அந்தப் பணம் யாருக்காகச் செலவாகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உழவனிடம் வாங்கிய வரியில் பெரும்பகுதி ராணுவத்துக்கும் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் கடனுக்கும் போனது. அவனுடைய கிணற்றுக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திரும்பி வந்தது மிகக் குறைவு. இதை எழுதி முடித்தபோது அவர் பழைய ஆளாக இல்லை. ஊர் திரும்பியதும் கார்னிலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு, குமரப்பா என்ற குடும்பத்தின் பழைய பெயரை வைத்துக்கொண்டார். கதர் உடுத்தத் தொடங்கினார்.

அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாக்கும் முன்பு காந்தியிடம் காட்ட விரும்பினார். 1929-ம் ஆண்டு மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சுற்றிப் பார்த்தபடி நடந்தார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு முதியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துத்தான் அவரே காந்தி என்பது குமரப்பாவுக்குத் தெரிந்தது. அன்று உடுத்தியிருந்த நல்ல உடையோடு அவரும் அதே தரையில் உட்கார்ந்தார். காந்தி அந்த ஆராய்ச்சியைத் தன்னுடைய யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே இன்னொரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் சில கிராமங்களின் உண்மையான பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கச் சொன்னார்.

மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்கள்

குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். வீடு வீடாகப் போனார்கள். எத்தனை ஏக்கர், என்ன பயிர், எவ்வளவு விளைச்சல், எத்தனை மாடு, எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி, வருடத்தில் எத்தனை நாள் வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் நிலவரி, நிலத்தை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. விவசாயிக்கு லாபமா நஷ்டமா என்பது அதில் வராது. குமரப்பா விதைச் செலவு, மாட்டுச் செலவு, கூலி, வட்டி ஆகியவற்றோடு, கூலியாக எழுதப்படாத குடும்பத்தார் உழைப்பையும் செலவாக எழுதினார். அப்படி எழுதியதும், பெரும்பாலான குடும்பங்களுக்கு விவசாயத்தில் மிச்சம் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. வருமானமே இல்லாதவரிடமிருந்து அரசு வரி வாங்கிக்கொண்டிருந்தது.

இன்றும் நம்மில் பலர் நெல்லுக்கோ கடலைக்கோ கணக்குப் பார்க்கும்போது கடையில் வாங்கிய விதை, உரம், மருந்து, கொடுத்த கூலி ஆகியவற்றை மட்டும் எழுதுகிறோம். வீட்டுப் பெண்கள் களை எடுத்தது, தண்ணீர் பாய்ச்ச இரவில் விழித்தது, சொந்த மாட்டின் எரு ஆகியவை கணக்கில் வருவதில்லை. சாகுபடிச் செலவை முழுமையாக எழுதினால்தான் விலை கட்டுபடியாகிறதா என்பது தெரியும் என்று இன்று வேளாண் பல்கலைக்கழகங்களில் நாங்கள் சொல்வதை, அவர் 90 ஆண்டுகளுக்கு முன்பே கிராமத்தில் செய்து காட்டினார்.

மூன்று அணா கணக்கு

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ம் தேதி பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வயல்களில் மணல் மேவியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாடு முழுவதிலிருந்தும் வந்த நன்கொடைக்குக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது.

தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று அவர் வரம்பு வைத்தார். பாதிக்கப்பட்ட இடங்களைப் பார்க்கக் காந்தியும் அவருடைய குழுவினரும் வந்தார்கள். அவர்களுடைய உணவுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். அந்தப் பணம் வீடு இழந்தவர்களுக்காக வந்தது, வேறு யாருக்கும் அதில் உரிமை இல்லை என்பது அவருடைய நிலை. காந்தி அதை ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு முடியும் முன்பே இன்னும் பெரிய பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார்.

ஊர்ப்பணத்தில் நடக்கும் எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ நொடித்துப் போவதற்குச் சந்தை மட்டும் காரணமாக இருப்பதில்லை. தலைவருக்கு ஒரு சட்டம், உறுப்பினருக்கு ஒரு சட்டம் என்று ஆனவுடன் உறுப்பினர்கள் தங்கள் விளைபொருளை வேறு வியாபாரியிடம் கொண்டுபோகத் தொடங்கிவிடுகிறார்கள்.

வர்தாவில் நடந்த சோதனைகள்

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் வர்தாவில் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளர். தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில் மகன்வாடி என்ற பெயரில் அதன் மையம் அமைந்தது. அங்கே நெல் குத்துதல், செக்கில் எண்ணெய் ஆட்டுதல், பனை மற்றும் ஈச்சவெல்லம் காய்ச்சுதல், தேனீ வளர்ப்பு, கையால் காகிதம் செய்தல், சோப்பு செய்தல் ஆகியவற்றில் ஆய்வும் பயிற்சியும் நடந்தன. ஜவேர்பாய் படேல் என்பவர் பழைய செக்கைத் திருத்தி, மாட்டுக்கும் ஆளுக்கும் சிரமம் குறையும்படி மேம்படுத்தினார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கையும் உருவாக்கினார்கள். கிராமத் தொழில்களுக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. 1938-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி காந்தி அதைத் திறந்து வைத்தார்.

இந்தத் தொழில்களை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பழமை மேல் இருந்த பற்று என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுவும் கணக்குதான். ஒரு கிராமம் நெல்லை விற்று அரிசியை வாங்குகிறது. கடலையை விற்று எண்ணெயை வாங்குகிறது. இரண்டு பக்கமும் வண்டி வாடகையும் தரகும் கொடுக்கிறது. இதில் கைமாறும் பணத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் தவிடு, பிண்ணாக்கு, வேலை ஆகிய மூன்றும் ஊரை விட்டுப் போய்விடுகின்றன. இவை எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இதை இன்றைய அளவுகளில் பார்ப்போம். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பைச் செக்கில் ஆட்டினால் சுமார் 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். எடையில் பாதிக்கு மேல் பிண்ணாக்காக நிற்கும். 100 கிலோ கடலைப் பிண்ணாக்கில் சுமார் 7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தழைச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 15 கிலோ யூரியாவுக்குச் சமம். அந்தப் பிண்ணாக்கு ஊரிலேயே இருந்தால் மாடு தின்னும், பால் கொடுக்கும், சாணம் வயலுக்குப் போகும். அது வெளியே போனால், இதே சத்தை நாம் மாட்டுத்தீவனமாகவும் உரமாகவும் தனித்தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். நெல்லிலும் அப்படித்தான். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமியும் 8 கிலோ வரை தவிடும் இருக்கின்றன. தவிட்டோடு வைட்டமின் பி1 சத்தும் போய்விடுகிறது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்த மக்களுக்கு அந்தக் காலத்தில் பெரிபெரி என்ற நோய் வந்ததற்கு இதுவே காரணம்.

பனைக்கு அவர் சொன்ன காரணமும் நிலத்தின் கணக்கே. கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பனையும் ஈச்சையும் புறம்போக்கிலும் வரப்போரத்திலும் தண்ணீர் கேட்காமல் வளரும். இனிப்பை மரத்திலிருந்து எடுத்துக்கொண்டால் நல்ல நிலம் உணவுப் பயிருக்கு மிஞ்சும் என்றார்.

புலி, குரங்கு, தேனீ

விடுதலைப் போராட்டத்தில் குமரப்பா பலமுறை சிறை சென்றார். 1942 போராட்டக் காலத்திலும் சிறையில் அடைக்கப்பட்டார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் என்ற பொருள்படும் தன் முக்கியமான ஆங்கிலப் புத்தகத்தை எழுதினார். அது 1945-ல் காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது. கிராமத் தொழிலில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்று காந்தி அவரை அதில் வேடிக்கையும் மரியாதையுமாகப் பாராட்டியிருந்தார்.

அந்தப் புத்தகத்தில் தொழில்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். எல்லாம் நாம் பார்க்கும் விலங்குகளையும் பறவைகளையும் வைத்துச் சொன்ன உதாரணங்கள். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. தனக்கு உணவு தருவதையே அது அழிக்கிறது. குரங்கு மாந்தோப்பில் புகுந்து பழம் பறிக்கிறது. மரத்தை அது கொல்வதில்லை, ஆனால் அதற்காக எந்த உழைப்பும் செய்வதில்லை. பறவை தன் உழைப்பில் தனக்குக் கூடு கட்டிக்கொள்கிறது. தேனீ தனக்காக மட்டும் இல்லாமல் கூட்டம் முழுவதுக்கும் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை கொண்டுவருகிறது. மனிதர் செய்யும் தொழில்களும் இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் இரண்டில் தொடங்கி, மேலே போகப் போகத்தான் தொழில் நிலைத்து நிற்கும் என்பது அவருடைய முடிவு.

தேனீ, பூவிலிருந்து தேனை எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கையும் செய்துவிடுகிறது. சூரியகாந்தி, எள், கொத்தமல்லி, பூசணி, முருங்கை பயிரிடும் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். எடுப்பதும் கொடுப்பதும் ஒரே வேலையில் நடக்கும்படி ஒரு தொழிலை அமைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

பொருளை வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இங்கிலாந்தில் ஒருவர் குடிக்கும் கோகோ பானத்தை எடுத்துக்காட்டினார். அதற்கான கொட்டை மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களில் கட்டாய உழைப்பில் விளைந்திருந்தால், அந்தப் பாவத்தில் குடிப்பவருக்கும் பங்கு உண்டு என்று எழுதினார். கடல் கடந்து வரும் பொருளில் இதை விசாரிப்பது கடினம். பக்கத்து ஊரில் செய்த பொருளில், வேலை செய்தவருக்குக் கூலி கிடைத்ததா, ஓடையில் கழிவு விட்டார்களா என்பதை நேரில் பார்க்கலாம். உள்ளூர்ப் பொருளை வாங்கச் சொன்னதற்கு அவர் காட்டிய முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

ஓடும் வளமும் தேங்கிய வளமும்

அதே புத்தகத்தில் இருந்த இன்னொரு கருத்தின் அருமை இன்றுதான் நமக்கு முழுதாகப் புரிகிறது. இயற்கை தரும் வளத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு முதலியவை தேங்கிய வளம். எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப ஊறாது. வெயில், மழை, காற்று, மரம், மாடு, மனித உழைப்பு ஆகியவை ஓடும் வளம். முறையாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு பருவமும் திரும்பக் கிடைக்கும். தேங்கிய வளத்தை நம்பி நடக்கும் வாழ்க்கை ஒருநாள் முடிந்துபோகும். அதுவரை அதற்காக நாடுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் என்றார். ஓடும் வளத்தின் மேல் கட்டிய வாழ்க்கைதான் நிலைக்கும் என்பதால்தான் புத்தகத்துக்கே அந்தப் பெயர்.

பருவநிலை மாற்றம் என்ற பேச்சு அவர் காலத்தில் இல்லை. ஆனால் இன்று நாம் காணும் தப்பிய மழைக்கும் கூடிய வெப்பத்துக்கும் முக்கியக் காரணம், அவர் சொன்ன அந்தத் தேங்கிய எரிபொருளை எரித்ததால் காற்றில் சேர்ந்த கரியமில வாயு. கிராமத் தொழில் ஒவ்வொன்றிலும் இதற்கு வழி இருக்கிறது. சாண எரிவாயு, சூரிய உலர்த்தி, சூரிய மின்சக்தியில் ஓடும் பம்பு, உமியைக் கொண்டு எரியும் அடுப்பு எல்லாம் ஓடும் வளத்தைப் பயன்படுத்துபவை. வைக்கோலையும் சோகையையும் வயலில் கொளுத்துவது, அந்த ஓடும் வளத்தையே புகையாக்குவது.

நிலம் யாருக்கு?

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் கட்சி அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். குழு 1949-ல் அறிக்கை கொடுத்தது. நிலம் உழுபவருக்கே உரியது, இடைத்தரகர் கூடாது என்றது. விதவைகள், சிறு வயதினர், மாற்றுத்திறனாளிகள் தவிர மற்றவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது என்றது. ஒரு குடும்பம் கட்டுபடியாகப் பிழைக்கத் தேவையான நிலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. இவற்றில் பல முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

நேரு தலைமையில் 1938-ல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்தும் அவர் சில மாதங்களிலேயே விலகியிருந்தார். பெரிய தொழிற்சாலையை மையமாக வைத்த திட்டத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வட்டாரத்து மக்களுக்கு வேண்டிய தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி, பருத்தி எவ்வளவு என்று முதலில் கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி நிலத்தைப் பங்கிட்டுப் பயிர் செய்ய வேண்டும், மிஞ்சுவதைத்தான் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். வர்தாவுக்குப் பக்கத்தில் சேல்தோ என்ற கிராமத்தில் ஒரு பண்ணை ஆசிரமம் அமைத்து, அதைச் செய்து பார்க்கவும் முயன்றார்.

கல்லுப்பட்டியில் கடைசி ஆண்டுகள்

உடல்நிலை கெட்டபோது அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். மதுரைக்குப் பக்கத்தில் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறிய குடிலில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை.

பூதான யாத்திரையில் வந்த வினோபா பாவே அவரைக் காணப் போனார். குடிலின் சுவரில் காந்தியின் படம் இருந்தது. அதைத் தன்னுடைய எஜமானர் என்று குமரப்பா காட்டினார். இன்னொரு பக்கம் ஓர் ஏழைக் கிராமத்தானின் படம் இருந்தது. அது தன் எஜமானருக்கு எஜமானர் என்றார். 1960-ம் ஆண்டு ஜனவரி 30-ம் தேதி, காந்தி இறந்த அதே நாளில், தன் 68-வது வயதில் அவர் காலமானார். 1973-ல் வெளிவந்து உலகம் முழுவதும் படிக்கப்பட்ட, சிறியதே அழகு என்று பொருள்படும் புத்தகத்தில் ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் குமரப்பாவை எடுத்துக்காட்டியபோது, வெளிநாடுகளில் பலருக்கு அவர் பெயர் தெரியவந்தது.

இன்று எதை எடுத்துக்கொள்ளலாம்?

குமரப்பா சொன்ன எல்லாவற்றையும் அப்படியே பின்பற்ற முடியாது. டிராக்டர் சாணம் போடாது என்று காட்டி, அதை அவர் எதிர்த்தார். இன்று ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் விவசாயியிடம் அதைச் சொல்ல முடியாது. கைக்குத்தல் அரிசி ஆலை அரிசியிடம் தோற்றதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. உலக்கை பிடித்த கைகள் பெண்களுடையவை. அந்தப் பாரத்திலிருந்து அவர்கள் விடுபட விரும்பியதும் நியாயமே. இன்று உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவிடும் சிறு இயந்திரங்கள் இருக்கின்றன. உலக்கைக்குத் திரும்பாமலே அவர் விரும்பிய அரிசி கிடைக்கும். அவருடைய கருவிகள் பழையதாகிவிட்டன. கணக்கு எழுதும் முறை பழையதாகவில்லை.

செக்கு, அரிசி ஆலை, பால், சிறுதானியம், கருப்பட்டி என்று எந்தத் தொழிலைத் தொடங்கினாலும், வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையோடு கீழ்க்காணும் கேள்விகளுக்கும் பதில் எழுதி வையுங்கள்.

1. மூலப்பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது? வெளியூர்க் கடலையை வாங்கி ஆட்டி, நம் ஊர்ச் செக்கு எண்ணெய் என்று விற்றால் நம் உறுப்பினருக்கு என்ன பயன்?

2. பிண்ணாக்கு, தவிடு, உமி, மோர் ஆகிய உபபொருள்கள் எங்கே போகின்றன? உறுப்பினரின் மாட்டுக்கும் வயலுக்கும் முதலில் கொடுக்க முடியுமா?

3. யாருக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தரப்படுகிறதா? கூலி இல்லாத வீட்டு உழைப்பு எவ்வளவு?

4. எந்த எரிபொருளில் ஓடுகிறது? டீசலையும் விறகையும் எந்த அளவு சாண எரிவாயுவாகவோ சூரிய சக்தியாகவோ மாற்றலாம்?

5. கழிவுநீரும் புகையும் யார் பக்கம் போகின்றன? கீழ்மடைக்காரர் வயலில் அது போய் விழுகிறதா?

6. மண்ணிலிருந்து எடுத்ததில் எவ்வளவு திரும்பிப் போகிறது? மண் பரிசோதனை செய்து கரிமச் சத்தின் அளவைக் குறித்து வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. வரவு செலவு நோட்டை எந்த உறுப்பினரும் கேட்ட உடனே பார்க்க முடியுமா? தலைவரின் பயணச் செலவும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா?

இந்த ஏழில் எல்லாவற்றுக்கும் முதல் ஆண்டிலேயே நல்ல பதில் கிடைக்காது. கிடைக்காததையும் உள்ளபடி எழுதி வையுங்கள். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் லாபக் கணக்கை வாசித்த பிறகு இந்தப் பக்கத்தையும் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். எதை முதலில் சரிசெய்வது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்யட்டும்.